எட்டாம் நாள், அதே மீன்

இருபத்தோர் இரவு வேண்டும் என்றார் கார்னட்.
ஏழு போதும் என்றாள் வில்மா.
பேரம் பதினான்கில் படிந்தது,
படிந்த பேரத்தில் இருவருக்கும் நஷ்டம்.

முப்பத்திரண்டு வருடம்
லூனன்பர்க் பக்கத்துப் பண்ணைகளில்
பாலை ருசித்துத் தரம் பார்த்தவள்.
ஒரு மிடறு, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுச் சொல்வாள்:
நேற்றுக் கறந்ததில்லை, முந்தாநாள்.
கறுப்புப் பசு காட்டுப்பூண்டு மேய்ந்திருக்கிறது.
வேலைக்கு ஓய்வு கொடுத்து
ஒரு கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள்.
நாக்குக்கு யார் கொடுப்பார்கள் ஓய்வு?

ஃபோர்ட் லாடர்டேலில் கப்பல் கயிற்றை அவிழ்த்த இரவு
லெட்டூஸ் இலை பல்லில் முறிந்த சத்தம்
பக்கத்து மேசைக்குக் கேட்டது.
"இலை சரி. மீன்? சொல்லு," என்றார் கார்னட்.
"உறைந்தது, உருகியது, மனம் மாறி மறுபடி உறைந்தது.
ஓரத்தில் இரும்பு வாடை. எலுமிச்சை அதை மறைக்கப் பார்க்கிறது,
குடிகாரப் புருஷனை மறைக்கிற மனைவி மாதிரி."
அவர் சிரித்துக்கொண்டே அந்த மீனைத் தின்று முடித்தார்,
முள்ளை வழித்து.

நான்காம் நாள் இலைக்காம்பில் துருவின் நிறம்.
கத்தரித்துவிட்டிருந்தார்கள், ஆனாலும் அவளுக்குத் தெரிந்தது.
ஆறாம் நாள் தக்காளி
பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தட்டில் உட்கார்ந்திருந்தது.
நண்டு சூப்பில் நண்டு
குளித்துவிட்டுப் போயிருந்தது.

எதிரே சாஸ்கட்டூனிலிருந்து வந்த பாய்சக் தம்பதி
காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்:
இவ்வளவு குறை சொல்பவளோடு
இந்த மனுஷன் எப்படித்தான் கப்பல் ஏறினாரோ.

எட்டாம் நாள் விடிகாலை மறுபடி லாடர்டேல்.
பாய்சக்குகள் பெட்டியை உருட்டிக்கொண்டு இறங்கினார்கள்.
புதுக் கூட்டம் ஏறியது, வெயில் படாமல் வெளுத்து.
கீழ்த்தளக் கதவு வழியே
கூடை கூடையாகக் கீரை, முட்டை, அன்னாசி.
இறங்காதவர்கள் இவர்கள் இருவரும்
இன்னும் நாற்பது பேரும்.

அன்றிரவு, அதே மீன்.
அதே தட்டு, அதே கோணத்தில் எலுமிச்சை.
"உங்களுக்கு இரண்டாவது முறை," என்றார் பரிமாறிய ரொடெலியோ,
"எனக்கு முப்பத்தொன்று."
சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போனார்.

"சொல்லு."
வில்மா மென்றாள். இன்னொரு துண்டு எடுத்தாள்.
"நன்றாக இருக்கிறது."
"அப்புறம்?"
"நல்ல மீன், கார்னட்."
அவர் காத்திருந்தார்.
முள்கரண்டி பாதி வழியில் நின்றது.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் வந்த காய்ச்சல்
போகும்போது அவர் மூக்கையும் நாக்கையும்
கையோடு எடுத்துப் போனது.
அதன்பின் சாப்பாடு என்பது
சூடு, குளிர், கடினம், மெத்து. அவ்வளவே.
அவள் குறை சொன்னால் அவருக்கு இரும்பு வீசும்,
பழைய ரொட்டி அண்ணத்தில் ஒட்டும்.
நன்றாக இருக்கிறது என்பது
வெறும் தட்டு.

அவளிடம் குறைக்கு நூறு சொல் இருந்தது,
சம்பளம் வாங்கிச் சேர்த்தவை.
நல்ல பாலுக்கு ஒரு முத்திரை குத்துவாள், அதோடு சரி.
முத்திரைக்கு ஏது ருசி?

"கொஞ்சம் இரு," என்று மறுபடி மென்றாள்.
"இது, அலை வற்றின பாறையை நக்கினது மாதிரி.
இல்லை. மழைக்கு முன்னால் சமையலறை ஜன்னலைத் திறப்போமே.
அதுவும் இல்லை."
மீன் ஆறியது.
ரொடெலியோ தட்டெடுக்க வந்து, பார்த்து,
திரும்பிப் போனார்.

பதின்மூன்றாம் நாள் தக்காளி மறுபடி தோற்றது.
வில்மாவுக்கு அப்படி ஒரு நிம்மதி.

கடைசி இரவு கருத்துப் படிவம் வந்தது.
உணவு: ஐந்துக்கு இரண்டு, என்று பேனாவை அழுத்தினாள்.
பயண நாட்கள்: அதிகம், சரி, குறைவு.
பேனா கைமாறியது.
அவர் எதில் கோடு போட்டார் என்று அவள் பார்க்கவில்லை,
வெண்ணெயை முகர்ந்துகொண்டிருந்தாள்.
"இதைக் கேள்," என்றாள்.